வண்டி கேட்ட சமையல்காரி

எங்கள் எழுகதிர் அரசு மோட்டார் கார் தொழிற்சாலை ஆண்டுக்கு இருபது சதவீதம் வளர வேண்டும் என்பது மேலிடத்து உத்தரவு. தொழிற்சாலையும் கீழ்ப்படிந்து வளர்ந்துவருகிறது. ஊரில் வாங்க ஆள் குறைந்த ஆண்டுகளில் ஊழியர்களாகிய நாங்களே வாங்கி வளர்த்தோம். விற்பனைப் பிரிவில் சாதாரண குமாஸ்தா நான். நானே இரண்டு வண்டி வாங்கியிருக்கிறேன். இரண்டும் தொழிற்சாலைப் பின்முற்றத்தில் பனிக்கு அடியில் பத்திரமாக இருக்கின்றன. எனக்கு ஓட்டத் தெரியாது.

இந்த முறை சீனப் புத்தாண்டான வசந்தத் திருவிழாவுக்கு ஆறு நாள் இருக்கையில், இலக்குக்கு ஒரே ஒரு வண்டி குறைந்தது. ஒன்றே ஒன்று! அதை எட்டும்வரை எவருக்கும் விடுப்பு இல்லை என்று தொழிற்சாலையின் கட்சிச் செயலாளர் தோழர் பாங் அறிவித்துவிட்டார். சொந்த ஊரில் இருக்கும் என் மகளைப் பார்த்து ஒரு வருஷம். அவள் நடக்கக் கற்றுக்கொண்டதைக்கூட போனில்தான் பார்த்தேன்.

ஊழியர் பட்டியலைத் துருவினோம். பன்னிரண்டாயிரம் பேரில் வண்டி வாங்காத வளர்ச்சி விரோதி ஒருவர்தான்: கேன்டீன் சமையல்காரி மெங் குய்ஜென். பாங்கும் நானும் சமையலறைக்கே போனோம். அக்கா முட்டைக்கோஸ் கொழுக்கட்டை பிடித்துக்கொண்டிருந்தார்.

"தோழர் மெங், தேசத்தின் வளர்ச்சி தங்கள் கையில் இருக்கிறது" என்றார் பாங்.

"என் கையில மாவுதாங்க இருக்கு."

"தாங்கள் ஒரு வண்டி வாங்க வேண்டும்."

"எனக்கு சைக்கிளே ஓட்ட வராது."

"ஓட்ட வேண்டியதில்லை. வாங்கினால் போதும்."

நான் காலில் விழாத குறை. "அக்கா, எம் பொண்ணப் பாக்கணும்க்கா. ஒரு கையெழுத்துதான்!"

"அட, அழாதப்பா. எங்க போடணும்?"

இலக்கை எட்டிவிட்டோம். மேளம் கொட்டினோம். அக்காவின் நெஞ்சில் பெரிய சிவப்புப் பூவைக் குத்தி மேடையில் நிறுத்தினோம். அங்கே வைத்துத்தான் கேட்டார்.

"சரி, வண்டி எங்க?"

மேளம் நின்றது. இத்தனை ஆண்டு வளர்ச்சியில் எங்களில் எவரும் இப்படியொரு கேள்வி கேட்டதில்லை.

"என்ன வண்டி?" என்றார் பாங்.

"நான் வாங்குனேனே, அது. மருமவன் ஓட்டுவான். திருவிழாவுக்கு ஊருக்குப் போக வேணாமா?"

அக்காவின் வண்டி இன்னும் தயாரிக்கப்படவில்லை. விற்பது எங்கள் பிரிவு, தயாரிப்பது வேறு பிரிவு, இரண்டுக்கும் சம்பந்தமில்லை. முற்றத்தில் இருப்பவையோ எல்லாம் ஏற்கெனவே விற்றவை. வாசலுக்குப் பக்கத்தில் நின்றது என் இரண்டில் ஒன்று.

"குமாஸ்தாவின் வண்டியைக் கொடுத்துவிடுங்கள்" என்றார் பாங்.

நான் இடைமறித்தேன். "அப்ப எனக்கு வித்தத கணக்குலேர்ந்து அடிச்சிரணுமே தோழர்? மறுபடி ஒண்ணு குறையுமே!"

"எதற்கு அடிக்க வேண்டும்? நீங்களும் வாங்கினீர்கள், அவரும் வாங்கினார். வண்டி ஒன்று, விற்பனை இரண்டு." சொல்லச் சொல்ல அவர் முகம் மலர்ந்தது. "அப்படியானால் முற்றத்தில் உள்ள அத்தனை வண்டியையும் இன்னொரு முறை விற்கலாமே!"

அங்கேயே இலக்கு நாற்பது சதவீதமாக உயர்த்தப்பட்டது. ஆளுக்கு மேலும் ஒரு வண்டி ஒதுக்கப்பட்டது. அவற்றை எல்லோரும் வாங்கி முடிக்கும்வரை விடுப்பு ஒத்திவைக்கப்பட்டது. எல்லோரும் எழுந்து நின்று கை தட்டினோம். எங்களுக்கு அது பழக்கம்.

மறுநாள் காலை அக்காவின் வண்டி, அதாவது என் வண்டி, என்னருகே வந்து நின்றது.

"தம்பி, உன் ஊரு எங்க வழியிலதானே இருக்கு? ஏறு. பொண்ணப் பாத்துட்டு வரலாம்."

என் வண்டி. என் ஊர் வழி. கதவைக்கூடத் திறந்துவிட்டார்.

"எப்படிக்கா வர்றது? எனக்கு ஒதுக்குன மூணாவது வண்டிய நான் இன்னும் வாங்கலையே!"

"அட கூறுகெட்டவனே!" என்று கதவை அறைந்து சாத்தினார்.

வண்டி வாசலைத் தாண்டிப் பனியில் சர்ரென்று போயிற்று. எங்கள் வண்டி ஒன்று ஓடுவதை அன்றுதான் முதன்முதலாகப் பார்த்தேன். நன்றாகத்தான் ஓடுகிறது, வாங்கலாம்.