சுழன்ற முத்திரையும் சுணங்கிய சர்வரும்

அந்தப் பதிவு அலுவலகத்தில், ஊரில் யார் பிறந்தார்கள், யார் இறந்தார்கள் என்பதை ஒரே ஒரு சர்வர்தான் நினைவில் வைத்திருந்தது. அந்த சர்வரைக் கட்டி மேய்த்தவரை, அதில் ஓடிய இயங்குதளத்தின் பெயராலேயே எல்லோரும் 'லினக்ஸ் சார்' என்று அழைத்தார்கள். பெற்றோர் வைத்த பெயரைச் சொல்லிக் கூப்பிட்டால் யாரையோ கூப்பிடுகிறார்கள் என்று அவர் பாட்டுக்குப் போய்க்கொண்டிருப்பார்.

சர்வர் நன்றாகத்தான் ஓடிக்கொண்டிருந்தது. அவருக்கு அதுதான் குறை. ஒரு பயிற்சிக் கூட்டத்தில் வேறொரு அலுவலகத்துக் கணினிக்காரர், "இன்னுமா லினக்ஸ்ல பழைய பதிப்பு வச்சிருக்கீங்க?" என்று கிழிந்த சட்டையைப் பார்ப்பதுபோல் பார்த்துவிட்டார். லினக்ஸ் சாருக்கு மானம் கப்பலேறியது. மறுநாளே புதிய பதிப்பை ஏற்றினார். அதோடு விட்டாரா? சர்வர் கண்விழிக்கும்போது திரையில் ஓடும் எழுத்து வரிகள் நாகரிகமாக இல்லையென்று அவற்றை மறைத்து, அலுவலக முத்திரையைப் போட்டு, அது சக்கரமாகச் சுழலும்படியும் செய்தார்.

காலையில் சர்வரைப் போட்டார். முத்திரை சுழன்றது. சுழன்றுகொண்டே இருந்தது. ஒரு வழியாக சர்வர் எழுந்தபோது அதற்கு நெட்வொர்க் இல்லை. கவுன்ட்டர்கள் எல்லாம் ஊமையாகிவிட்டன.

பதிவாளர் மேடம் வந்தார். "என்ன சார் ஆச்சு?"

"மென்பொருளுக்கும் வன்பொருளுக்கும் இடையே ஒத்திசைவுக் குறைபாடு மேடம்."

'தெரியவில்லை' என்பதை அலுவலகத்தில் அப்படித்தான் சொல்வார்கள்.

கேபிளை மாற்றினார். தூசி தட்டினார். மின்சாரத்தின் மேல் பழி போட்டார். அணைத்து அணைத்துப் போட்டார். ஒவ்வொரு தடவையும் முத்திரை ஆனந்தமாகச் சுழன்றது.

வீட்டுக்குப் போனால் மனைவி விடவில்லை. "சர்வர் எழுந்திருச்சுதா?"

"எழுந்திருச்சுது. யார்கிட்டயும் பேச மாட்டேங்குது."

"என்ன கோபமாம்? நீங்க கேக்க வேண்டியதுதானே?"

"அது மிஷின்மா. அதுக்கு என்ன சொல்லத் தெரியும்?" என்று சிரித்தார், படித்தவர்.

மறுநாள் கவுன்ட்டரில் ஒரு பெண். வேலைக்குச் சேர அவளுக்குப் பிறப்புச் சான்றிதழ் வேண்டும். அன்றுதான் கடைசி நாள்.

"சர்வர் வராம நீங்க பொறந்ததை நாங்க ஏத்துக்க முடியாதும்மா" என்றார் எழுத்தர்.

"உங்க முன்னாடிதானே சார் நிக்கிறேன்?"

"நிக்கிறீங்க. அது வேற விஷயம்."

லினக்ஸ் சாரால் அந்தப் பெண்ணின் முகத்தைப் பார்க்க முடியவில்லை. மேடம் வேறு, இன்றைக்குள் சரியாகாவிட்டால் அவரைப் பழைய கோப்புக் கிடங்குக்கு மாற்றிவிடுவதாகச் சொல்லியிருந்தார். கூடவே, கண்காணிப்பாளர் தலைமையில் 'சர்வர் தாமத விழிப்பு விசாரணைக் குழு' ஒன்றும் உதயமாகியிருந்தது.

குழு வந்து திரைமுன் உட்கார்ந்தது. கண்காணிப்பாளர் புருவத்தை நெரித்தார்.

"முத்திரை ஏன் தலைகீழா நிக்குது?"

"நிக்கலை சார், சுத்துது."

"முத்திரை சுத்தலாமா? எந்த உத்தரவுல அனுமதி இருக்கு?"

குழு சர்வரை மறந்தது. ஒரு சுற்றில் பாதி நேரம் முத்திரை தலைகீழாக இருப்பதால், அலுவலகத்தின் மாண்பும் பாதி நேரம் தலைகீழாக இருக்கிறது என்று விவாதித்து, முத்திரையை உடனே அகற்ற ஆணையிட்டது.

அகற்றினார். சர்வரை மறுபடி போட்டார். முத்திரை இருந்த இடத்தில் வெள்ளை எழுத்துகள் கடகடவென்று ஓடி, ஒரு வரியில் வந்து நின்றன: நெட்வொர்க் கார்டுக்காகக் காத்திருக்கிறேன்.

சர்வரை மற்ற கணினிகளோடு இணைப்பது அந்த கார்டுதான்; வரியில் அதன் பழைய பெயர் இருந்தது. புதிய பதிப்பு கார்டுக்கு வேறு பெயர் வைத்துவிட்டது. அமைப்புக் கோப்பிலோ, பழைய பெயர்க்காரர் வரும்வரை காத்திரு என்று எப்போதோ எழுதிவைத்தது லினக்ஸ் சாரேதான். சர்வரும் சொன்ன பேச்சைத் தட்டாமல், இல்லாத ஆளுக்காகக் காத்துக் கிடந்து, சலித்துப்போய் நெட்வொர்க் இல்லாமலே எழுந்திருக்கிறது. ஒவ்வொரு தடவையும் வாய்விட்டுச் சொல்லியும் இருக்கிறது. அந்த வாயைத்தான் அவர் முத்திரையால் அடைத்து வைத்திருந்தார்.

ஒரு பெயரை மாற்றினார். சர்வர் சட்டென்று எழுந்தது.

'முத்திரையின் சுழற்சியே கோளாறுக்குக் காரணம் என்பது ஐயந்திரிபற நிறுவப்பட்டது' என்று குழு அறிக்கை எழுதியது. உண்மையைச் சொல்லலாமென்று லினக்ஸ் சார் வாயெடுத்தார். உண்மையில் தன் பெயர் இருப்பது நினைவுக்கு வரவே, கையெழுத்துப் போட்டுவிட்டார்.

எழுத்தர் பொத்தானை அழுத்தியதும் சான்றிதழ் வந்து விழுந்தது. அந்தப் பெண் அதைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

"இவ்வளவு சீக்கிரமா? ஒரிஜினல்தானே சார்?"

பின்னால் நின்றவர், "எனக்கு அவசரமில்லைங்க. நல்லா செக் பண்ணியே குடுங்க" என்றார். மாலைக்குள், அலுவலகம் போலிச் சான்றிதழ் கொடுப்பதாகப் புகார்கள் வந்து குவிந்தன.

மேடம் கூப்பிட்டார். "சார், கொஞ்சம் தாமதமாகுற மாதிரி ஏதாவது பண்ண முடியுமா?"

லினக்ஸ் சார் ஒரு வரி எழுதினார். அதன்பின் பொத்தானை அழுத்தினால், சான்றிதழ் வருவதற்கு முன் 'சரிபார்க்கப்படுகிறது' என்று திரை கொஞ்ச நேரம் சொல்லும். உள்ளே எதுவும் நடக்காது. மக்கள் நிம்மதியாக உட்கார்ந்து காத்திருந்தார்கள். மேடம் பாராட்டினார். லினக்ஸ் சாருக்கும் பெருமைதான். இத்தனை வருட வேலையில், காரணம் முழுசாகத் தெரிந்த தாமதம் அவருக்கு அது ஒன்றுதான்.