எர்த்துக்கு ஊற்றிய தண்ணீர்

கல்யாணமாகி ஆறு வருஷத்தில் ஒரே ஒரு விஷயத்தில்தான் நான் ஆண்பிள்ளையாக உறுதி காட்டினேன். மல்லிகைச் செடிக்குத் தண்ணீர் இறைக்க மாட்டேன் என்று சொல்லிவிட்டேன்.

செடி என் மனைவி சிகப்பி கண்டரமாணிக்கத்துப் பிறந்த வீட்டிலிருந்து கொண்டுவந்து நட்டது. ஆனி மாத வெயிலில் சுருண்டு கிடந்தது. தினமும் இரண்டு வாளி ஊற்றினால் பிழைக்கும், வீட்டுக்கு இறைக்கவே தன் இடுப்பு போகிறது என்றாள். காரைக்குடிக் கிணறு பாதாளம் வரைக்கும் போகும். ஆபீசில் பேனா பிடிக்கிற கை கயிறு பிடிக்காது என்றேன். "சரிங்க" என்றாள் உடனே. அப்போதே நான் பயந்திருக்க வேண்டும்.

அந்த வாரமே ரேடியோ கெட்டது. எனக்கு உயிர் போன மாதிரி இருந்தது. சாயங்காலம் சிலோன் பாட்டுக் கேட்காவிட்டால் எனக்குச் சோறு இறங்காது. இப்போது எந்தப் பக்கம் திருப்பினாலும் கரகரப்புத்தான். அடுத்த தெரு நாகூர் கனியைக் கூப்பிடலாம், பினாங்கில் ரேடியோ வேலை பார்த்து வந்தவர் என்றாள் சிகப்பி. எனக்குத் தெரியாத ரேடியோவா?

முதலில் அதன் தலையில் தட்டினேன். பிறகு இரண்டு பக்கமும். மொட்டை மாடி ஏறி ஏரியலைத் துடைத்தேன். பின்பலகையைக் கழற்றி ஊதினேன். ஒரு கரப்பான் பூச்சி வெளியே வந்து, என்னைப் பார்த்துவிட்டு, உள்ளேயே திரும்பிப் போனது. கண்ணாடிக் குமிழ் மாதிரி இருந்த வால்வுகளைப் பிடுங்கிப் பிடுங்கிச் செருகினேன். கரகரப்பு நின்றது. ரேடியோவும் நின்றது. எல்லாவற்றையும் பூட்டிய பிறகு திருகாணி இரண்டு மிச்சம்.

மறுநாள் ஆபீஸ் விட்டு வந்தால் திரும்பக் கரகரப்பு. என் வைத்தியம் மெதுவாகப் பலிக்கிறது என்று பூரித்துப்போனேன்.

"எர்த்துலதான் கோளாறாம். பல்கீஸ் சொன்னா" என்றாள் சிகப்பி. பல்கீஸ், நாகூர் கனியின் மனைவி. "கம்பி நட்ட எடம் காஞ்சு கெடக்குல்ல. மண்ணு ஈரமா இருந்தாத்தான் பாடுமாம்."

ரேடியோவிலிருந்து மண்ணுக்குப் போகிற எர்த் கம்பியை ஈர மண்ணில் நடவேண்டும் என்பது எனக்கும் தெரிந்ததுதான். ஜன்னலுக்கு நேரே, செடியடியில் மண் இளக்கமாக இருக்கிறது என்றாள். நானே கம்பியைப் பிடுங்கி அங்கே அடித்தேன். ஒயரை ஜன்னல் வழியாக உள்ளே விட்டேன்.

"நான் மாட்டிக்கிறேன். நீங்க தண்ணிய ஊத்துங்க."

ஒரு வாளி ஊற்றினேன். இன்னும் கரகரங்குது என்று உள்ளிருந்து குரல் வந்தது. இரண்டாவது வாளி ஊற்றினேன். பாட்டு கணீரென்று கிளம்பியது. கைகூப்பாத குறைதான்.

அன்றிலிருந்து காலையில் இரண்டு வாளி, மாலையில் இரண்டு வாளி. ஒருநாள் உடம்பு வலிக்கிறதென்று விட்டேன், அன்று சாயங்காலமே கரகரப்பு. அதற்குப் பிறகு காய்ச்சலிலும் இறைத்தேன். ரேடியோ அமோகமாகப் பாடியது. செடியும் கூரைவரை ஏறிப் பூத்துத் தள்ளியது. எர்த்தின் மகிமையை ஆபீஸ் முழுக்க விளக்கினேன். இரண்டு பேர் குறிப்பெடுத்துக்கொண்டார்கள்.

புரட்டாசிக் கடைசி நாள் நாகூர் கனி பல்கீசுக்குப் பூ வாங்கிப்போக வந்தார். அவருக்கும் விளக்கினேன். அவர் ரேடியோவின் பின்பக்கம் எட்டிப் பார்த்தார்.

"எர்த் ஒயரு மேசைக் கால்லயில்ல கட்டியிருக்கு?"

"அப்ப எப்படிப் பாடுது?"

"ஆனி மாசம் நீங்க ஆபீஸ் போயிருந்தப்ப நாந்தான வந்து வால்வு மாத்துனேன். தங்கச்சி சொல்லலையா? கரகரன்னா முள்ளு ஸ்டேசன் விட்டுத் தள்ளி நிக்கிது, அம்புட்டுத்தான்."

அவர் போனதும் அடுப்படிக்குப் போனேன். சிகப்பி பூக் கட்டிக்கொண்டிருந்தாள். மூன்றரை மாதம் முள்ளைத் திருப்பித் திருப்பி என்னைக் கிணற்றுக்கு ஓட்டியவளை நேருக்கு நேர் பார்த்து, குரலை உயர்த்தினேன்.

"இனிமே ஒரு சொட்டு ஊத்த மாட்டேன்."

"வேணாங்க" என்றாள் உடனே.

இவ்வளவு சுலபமா? ஆறு வருஷத்தில் முதல் வெற்றி. நெஞ்சு நிமிர்ந்தது.

சிகப்பி பூச்சரத்தை முடிந்துகொண்டே சொன்னாள்: "நாளைக்கு ஐப்பசி பொறக்குதுல்ல, இனி மழை பாத்துக்கிரும். நீங்க தை மாசம் ஊத்துனாப் போதும்."