சலவைக்கடைத் திருப்பம்

பெற்ற பிள்ளைகளைக் கயிற்றில் கட்டி ஓட்டிக்கொண்டு போக நான் ஒன்றும் மாடு மேய்க்கிறவன் இல்லை என்று லிஃப்ட் மெக்கானிக் தன் வீட்டுக் கூடத்தின் நடுவில் நின்று முழங்கினார்.

முழக்கத்துக்குக் காரணம் சோபாவின் மேல் கிடந்தது. முதுகில் மாட்டுகிற குட்டிப் பை மாதிரி இரண்டு. ஒன்று சிவப்பு, ஒன்று நீலம். மார்புக்குக் குறுக்கே பட்டை, முன்னால் கொக்கி, பின்னாலிருந்து நீளமாக ஒரு வார், அதன் நுனியில் பெரியவர்கள் கையை நுழைத்துக்கொள்ள ஒரு வளையம். வெளியே நடக்கும்போது குழந்தை கையை உதறிவிட்டு ஓடாமலிருக்கப் போடுகிற பெல்ட். திரைச்சீலைக் கடையில் தையல் வேலை பார்க்கும் அவருடைய மனைவி அன்றைக்குத்தான் வாங்கி வந்திருந்தாள்.

வாங்க வேண்டிய தேவை இருந்தது. பிள்ளைகள் இரட்டை. இரண்டு வயது. பெண் சிட்டு, பையன் வண்டு. கதவைத் திறந்தால் சிட்டு ஒரு திசையில் பறப்பாள், வண்டு அதற்கு நேர் எதிர்த் திசையில் பறப்பான். பெற்றவளுக்கும் இரண்டு கால் உண்டுதான், ஆனால் அவை சேர்ந்து ஒரே பக்கம்தான் போகும்.

மெக்கானிக்கின் கோபத்திலும் ஒரு நியாயம் இருந்தது. காலையில் பாதுகாப்பு பெல்ட்டை மாட்டிக்கொண்டு லிஃப்ட் குழிக்குள் இறங்கினால் சாயங்காலம் வரை அதில் தொங்குகிறவர் அவர். ஊரெல்லாம் மேலே ஏறிப் போக, அவர் மட்டும் நடுவில் நின்று கிரீஸ் தடவுவார். வீட்டுக்கு வரும்போது இடுப்பில் பட்டையின் தடம் பாம்பு சுற்றிய மாதிரி இருக்கும். என் ஆயுசில் பாதி பெல்ட்டிலேயே போய்விட்டது, அதுகளாவது அவிழ்த்துவிட்ட காற்று மாதிரி நடக்கட்டும் என்பது அவர் கட்சி.

"பிள்ளையப் பாசத்தால கட்டணும்மா. பட்டையால இல்ல."

பெல்ட் போடாமல் லிஃப்ட் குழிக்குள் நீங்கள் இறங்குவீர்களா என்று அவள் கேட்டாள். அது பள்ளம், இது தெரு என்றார் அவர். தெருவில் வண்டி போகுமே என்றாள். வண்டிக்கு பிரேக் இருக்கும் என்றார். இப்படி அவர் வாயில் வந்ததையெல்லாம் சொல்லிக்கொண்டிருந்தபோது கதவு திறந்திருந்தது. எதிர்வீட்டு மருந்துக்கடைக்காரர் வாசலில் வந்து நின்றார்.

மருந்துக்கடைக்காரருக்கும் அதே வயதில் ஒரு பையன். ராக்கெட் என்று கூப்பிடுவார்கள். நடக்கப் பழகாமலே ஓடப் பழகியவன். அதனால் பிள்ளை வளர்ப்பு பற்றி யார் என்ன சொன்னாலும் மருந்துச் சீட்டு படிக்கிற முகத்தோடு கேட்டுக்கொள்வார். ஆள் கிடைத்ததும் மெக்கானிக்குக் குரல் ஒரு மாடி ஏறியது. எல்லாம் பிடியில் இருக்கிறது என்றார். பிடிக்கிற விரலில் நம்பிக்கை இருந்தால் அது அப்படியே பிள்ளையின் விரலுக்கு இறங்கும், அப்புறம் விட்டாலும் ஓடாது என்றார். மருந்துக்கடைக்காரர் தன் விரல்களை ஒருமுறை பார்த்துக்கொண்டார்.

மனைவி அந்த இடத்தில் எதிர்த்துப் பேசியிருந்தால் மெக்கானிக் தப்பித்திருப்பார். அவள் ஒத்துக்கொண்டாள்.

"நீங்க சொல்றது சரிதாங்க. எனக்குத்தான் அந்த நம்பிக்கை விரல்ல வரமாட்டேங்குது. இனிமே சாயங்காலம் நீங்களே கூட்டிட்டுப் போயிட்டு வாங்க."

ஜெயித்த மயக்கத்தில் அவர் சரி என்று சொல்லிவிட்டார். சாட்சிக்கு ஆளும் இருந்தது. பெல்ட் இரண்டையும் அவள் ஒரு துணிப்பையில் போட்டு வாசலருகே செருப்பு அலமாரியின் மேல்தட்டில் வைத்தாள்.

மறுநாள் சாயங்காலம் வலது கையில் சிட்டு, இடது கையில் வண்டு என்று மெக்கானிக் ஊர்வலம் புறப்பட்டார். தெருமுனையில் சலவைக்கடை. அங்கே திரும்பினால் பெரிய சாலை, சாலையைக் கடந்தால் பூங்கா. சலவைக்கடை வரை எல்லாம் ஒழுங்காகத்தான் போயிற்று. விரலிலிருந்து விரலுக்கு நம்பிக்கை இறங்குவது அவருக்கே தெரிந்தது. உண்மையில் இறங்கியது வியர்வை. சிட்டு அந்த வழுக்கலில் கையை உருவிக்கொண்டு சலவைக்கடைக்குள் புகுந்து, தேய்த்து அடுக்கியிருந்த வெள்ளைச் சட்டைகளின் மேல் ஏறி உட்கார்ந்தாள். அவளை எடுக்க அவர் குனிந்தார். குனியும்போது இடது கையை ஒரு கணம் தளர்த்தினார்.

நிமிர்ந்தபோது வண்டு சாலையின் ஓரத்தில் நின்றிருந்தான். நிற்கவில்லை, இறங்கிக்கொண்டிருந்தான். வந்துகொண்டிருந்த பேருந்து அவனுக்குப் பிடித்த மஞ்சள் நிறத்தில் இருந்தது.

மெக்கானிக் ஓடினதும் பிள்ளையின் சட்டைக் காலரைப் பிடித்து இழுத்ததும் பிறகு யோசித்தபோது அவருக்கு நினைவுக்கு வரவில்லை. பேருந்துக்கு பிரேக் இருந்தது, ஆனால் அது அவர்களைத் தாண்டிப் போனபிறகுதான் நின்றது. வண்டு அதற்கு டாட்டா காட்டினான். மெக்கானிக் நடைபாதையிலேயே உட்கார்ந்துவிட்டார். எத்தனையோ மாடிக் கட்டடங்களில் அந்தரத்தில் தொங்கியவர், ஒரு சாண் உயர நடைபாதையில் பிள்ளையை மடியில் இறுக்கிக்கொண்டு விளிம்பைப் பிடித்துக்கொண்டார். பூங்காவுக்குப் போகவில்லை. இரண்டையும் இரண்டு கக்கத்தில் இடுக்கிக்கொண்டு வீட்டுக்குத் திரும்பினார்.

எப்படி இருந்தது என்று மனைவி கேட்டாள். பிரமாதம் என்றார்.

அன்று அவருக்குச் சோறு இறங்கவில்லை. பெல்ட் இல்லாமல் இனி வாசற்படி தாண்டக்கூடாது என்று மனசு சொல்லிவிட்டது. ஆனால் அதை வாயால் எப்படிச் சொல்வது? மாடு, பாசம், பட்டை, விரல், நம்பிக்கை, இத்தனையையும் அள்ளி விழுங்க வேண்டும். அதற்கு அவர் வயிற்றில் இடமில்லை. ஆகவே ஆண்பிள்ளைகள் இந்த மாதிரி சமயத்தில் வழக்கமாகச் செய்கிறதைச் செய்தார். உண்மையை ஒப்புக்கொள்ளாமல் அதன்படி நடந்துகொண்டார்.

மறுநாள் கிளம்பும்போது அவள் சமையலறையில் இருக்கிற நேரம் பார்த்துத் துணிப்பையை எடுத்துச் சட்டைக்குள் செருகிக்கொண்டார். வயிறு சற்றே முன்னால் வந்தது. அது புதிதாகத் தெரியவில்லை. சலவைக்கடையின் பக்கச் சுவருக்குப் பின்னால் ஒதுங்கி இரண்டு பேருக்கும் பெல்ட்டை மாட்டினார். வேலை தெரிந்த கை. கொக்கியை இருமுறை இழுத்துப் பார்த்தார். லிஃப்ட் குழிக்குள் தனக்குப் பார்க்கிற சோதனையெல்லாம் அங்கேயும் பார்த்தார். அப்புறம் நிம்மதியாகச் சாலையைக் கடந்தார்.

பிள்ளைகளுக்கு அது பிடித்துப்போயிற்று. கையைப் பிடித்தால் தோளைத் தூக்கிக்கொண்டு தொங்கியபடி நடக்க வேண்டும். வாரில் இருந்தால் குனியலாம், கல் பொறுக்கலாம், எறும்பைப் பார்த்து நிற்கலாம். சிட்டு முன்னால் போவாள், வண்டு பின்னால் வருவான், நடுவில் மெக்கானிக் கேபிள் மாதிரி இழுபட்டுக்கொண்டு போவார். திரும்பி வரும்போது அதே சுவருக்குப் பின்னால் கழற்றிப் பையில் போட்டு, பையைச் சட்டைக்குள் போட்டு, மூன்று பேரும் உத்தமர்களாக வீட்டுக்குள் நுழைவார்கள்.

நாளாக நாளாக அவருக்குத் தைரியம் கூடியது. ஒருநாள் சிவப்புப் பெல்ட்டின் பட்டையில் தையல் விட்டிருந்தது. மனைவியிடம் கொடுக்கவும் முடியாது, கடையில் கொடுக்கவும் வெட்கம். மறுநாள் எடுத்துப் பார்த்தால் தையல் கெட்டியாக இருந்தது. நேற்று இருட்டில் சரியாகப் பார்க்கவில்லை போலிருக்கிறது என்று நினைத்துக்கொண்டார். பிள்ளைகள் வளர்ந்து பட்டை இறுக்க ஆரம்பித்தது. அது தானாகவே கொஞ்சம் நீண்டுகொடுத்தது. தரமான கம்பெனி என்று மெச்சிக்கொண்டார்.

வீட்டில் மதிப்பும் ஏறியது. சாயங்காலம் அவர் திரும்பி வரும்போது மனைவி நாற்காலியில் சாய்ந்து, எதிர் நாற்காலியில் காலை நீட்டி, ஆவி பறக்கிற டீயைக் குடித்துக்கொண்டிருப்பாள். பிள்ளை பிறந்ததிலிருந்து அவள் டீயைச் சூடாகக் குடித்ததில்லை. அவர் உள்ளே வந்ததும் கோப்பையைக் கீழே வைத்துவிட்டு, நம்பிக்கை எல்லாருக்கும் விரலில் வந்துவிடாதுங்க, அதுக்கு ஒரு ராசி வேணும் என்பாள். அவர் விரலைச் சொடுக்கிக்கொள்வார்.

இதோடு நின்றிருக்கலாம். ஆனால் மருந்துக்கடைக்காரர் ராக்கெட்டை இழுத்துக்கொண்டு மூச்சு வாங்க எதிரே வரும்போதெல்லாம் மெக்கானிக்குக் கருத்துச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இன்னும் விரல் சரியாகப் படியவில்லை என்பார். மணிக்கட்டைத் தளர்த்துங்கள் என்பார். மருந்துக்கடைக்காரர் அவ்வளவையும் செய்து பார்த்தார். ராக்கெட் அத்தனைக்கும் தப்பினான். கடைசியில் அவர் ஒரு முடிவோடு வந்தார். ஞாயிற்றுக்கிழமை நானும் பையனும் கூடவே வருகிறோம், நீங்கள் பிடிக்கிற பிடியைக் கண்ணால் பார்த்துக்கொள்கிறேன் அண்ணே என்றார்.

மெக்கானிக் பதில் தேடுவதற்குள் உள்ளேயிருந்து மனைவி வந்தாள். நானும் வருகிறேன், ரொம்ப நாளாக எனக்கும் பார்க்க ஆசை என்றாள்.

ஞாயிற்றுக்கிழமைக்கு முன்னால் மழை பெய்யாதா என்று மெக்கானிக் வானத்தைப் பார்த்தார். வானம் துடைத்து வைத்த தட்டு மாதிரி இருந்தது. இடுப்பு பிடித்துக்கொண்டது என்று சொல்லிப் பார்த்தார். மனைவி தைலம் தேய்த்தாள். தேய்த்த தேய்ப்பில் இல்லாத வலி வந்து, இருந்த சாக்கு போய்விட்டது.

ஞாயிறு சாயங்காலம் எல்லோரும் கிளம்பினார்கள். செருப்பு அலமாரியின் மேல்தட்டை அவர் ஓரக்கண்ணால் பார்த்தார். துணிப்பை இல்லை. இருந்தாலும் எடுத்திருக்க முடியாதுதான், ஆனாலும் கேபிள் அறுந்த லிஃப்டில் ஏறுகிறவர் மாதிரி வாசலைத் தாண்டினார். சிட்டுவையும் வண்டுவையும் உயிர் போகிற மாதிரி இறுக்கிப் பிடித்துக்கொண்டார். மருந்துக்கடைக்காரர் பக்கத்தில் நடந்து அவருடைய விரலையே பார்த்துக்கொண்டு வந்தார். மனைவி தோளில் கைப்பையோடு பின்னால் வந்தாள்.

சலவைக்கடை நெருங்க நெருங்க அவருக்கு மஞ்சள் பேருந்து கண்ணுக்குள் வந்தது. திருப்பத்துக்கு வந்ததும் கால் தானாக நின்றது. அவமானம் ஒரு பக்கம், சாலை ஒரு பக்கம். வண்டுவின் பிஞ்சு விரல் அவர் கைக்குள் வியர்வையில் நழுவிக்கொண்டிருந்தது. அந்தக் கணத்தில் அவருக்கு எது பெரிது என்று தெளிவாகத் தெரிந்துவிட்டது. எல்லாவற்றையும் சொல்லிவிடலாம் என்று மருந்துக்கடைக்காரர் பக்கம் திரும்பி வாயைத் திறந்தார்.

அவர் பேச வேண்டிய அவசியமே ஏற்படவில்லை. பிள்ளைகள் இரண்டும் அவர் கையிலிருந்து உருவிக்கொண்டு, சாலைப் பக்கம் போகாமல் நேராகச் சலவைக்கடைச் சுவருக்குப் பின்னால் போய், முதுகைக் காட்டி, போலீஸைப் பார்த்த திருடர்கள் மாதிரி இரண்டு கையையும் மேலே தூக்கிக்கொண்டு நின்றன.

"பெல்ட்டு," என்றாள் சிட்டு.

"அப்பா, பெல்ட்டு," என்றான் வண்டு, கை வலிக்கிற குரலில்.

மருந்துக்கடைக்காரர் பிள்ளைகளைப் பார்த்தார், மெக்கானிக்கின் விரலைப் பார்த்தார், அப்புறம் சலவைக்கடையைப் பார்த்தார். மெக்கானிக் தன் செருப்பைப் பார்த்தார்.

மனைவி கைப்பையைத் திறந்து இரண்டு பெல்ட்டையும் எடுத்தாள். அதோடு பச்சை நிறத்தில் மூன்றாவதாக ஒன்று வந்தது.

"தம்பி, இது உங்க பையனுக்கு. என் கையால தச்சது. உங்க அண்ணன்தான் சொன்னாரு. விரல் நம்பிக்கையெல்லாம் வீட்டுக்குள்ள, ரோடுன்னு வந்தா பெல்ட்டுதான், ராக்கெட்டுக்கும் ஒண்ணு தச்சுக் குடுன்னு."

இப்படி ஒரு வார்த்தை தன் வாயிலிருந்து எப்போது வந்தது என்று மெக்கானிக் யோசிக்கவில்லை. வேகமாகத் தலையாட்டினார். மருந்துக்கடைக்காரர் கண் கலங்க அவர் கையைப் பிடித்துக் குலுக்கினார். ராக்கெட்டுக்குப் பச்சைப் பெல்ட் கச்சிதமாக இருந்தது. அவன் ஒரு பாய்ச்சல் பாய்ந்தான், வாரின் எல்லை வரை போனான், வாழ்க்கையில் முதன்முறையாக நின்று யோசித்தான்.

மருந்துக்கடைக்காரரும் ராக்கெட்டும் முன்னால் போகட்டும் என்று விட்டு, மெக்கானிக் தன் பிள்ளைகளுக்கும் பெல்ட்டை மாட்டியபடி மனைவியிடம் மெல்ல, எப்போதிலிருந்து தெரியும் என்று கேட்டார். பெல்ட்டை மாட்டிய மறுநாளே தெரியும் என்றாள் அவள். அவர் இல்லாத நேரத்தில் வாக்கிங் என்று வாயைத் திறந்தாலே பிள்ளைகள் வீட்டுக்குள் கையைத் தூக்கிக்கொண்டு நிற்குமாம். பட்டையைத் தளர்த்தியது, தையல் போட்டது, பையைக் கைக்கு எட்டுகிற இடத்தில் வைத்தது எல்லாம் அவள்தானாம். கொக்கியை நீங்கள் மாட்டினால் எனக்குப் பயமே இல்லை என்றும் சொன்னாள். அதை அவள் விளையாட்டாகச் சொல்லவில்லை.

மெக்கானிக்கின் நெஞ்சிலிருந்து பெரிய பாரம் இறங்கியது. இறங்கிய வேகத்தில் ஒரு ஆசை ஏறியது. குட்டுதான் வெளிப்பட்டுவிட்டதே, இனி இந்த நடையாவது மிச்சமாகும் என்று தோன்றியது. வார்கள் இரண்டையும் அவளிடம் நீட்டினார்.

"சரிம்மா, மாட்டிக்கிட்டேன். நாளையிலேர்ந்து நீயே கூட்டிட்டுப் போயிடு."

அவள் வாங்கவில்லை. வளையங்களை அவருடைய இரண்டு மணிக்கட்டிலும் நன்றாக ஏற்றிவிட்டு, டீ போட வேண்டும் என்று வீட்டுப் பக்கம் திரும்பினாள்.

"கம்பெனியில மாட்டிக்கிட்டாத்தாங்க வேலை போகும். வீட்ல மாட்டிக்கிட்டா நிரந்தரம்."