சார்ஜ் ஏறாத வீரம்

நம்மாள் பெரிய வீரர். அதில் யாருக்கும் சந்தேகமே வேண்டாம். என்ன, வீட்டில் வேறு யாரும் இல்லாதபோதுதான் அந்த வீரம் வெளியே வரும்.

இன்ஷூரன்ஸ் ஆபீஸில் அவருக்குப் புகார்ப் பிரிவு. நாள் முழுக்க ஊரார் திட்டுவதைக் கேட்டு, "மன்னிக்கணும் சார், மன்னிக்கணும் மேடம்" என்று சொல்லியே பழகின வாய். வீட்டுக்கு வந்தாலும் அந்த வாய்க்கு லீவு கிடையாது. மனைவி கணக்கு டீச்சர். கண்ணாடிக்கு மேலே அவள் ஒரு பார்வை பார்த்தால் போதும், சொல்ல வந்தது தொண்டைக்குழியிலேயே படுத்துவிடும்.

அதற்கு அவர் ஒரு வழி கண்டுபிடித்திருந்தார். சனிக்கிழமை மாலையில் அவள் டியூஷனுக்குக் கிளம்பியதும் லேப்டாப்பைத் திறப்பார். கேமராவையே மனைவியாக நினைத்துக்கொண்டு விரலை ஆட்டி ஆட்டிப் பேசுவார். பேசியதைப் பதிவு செய்து மறுபடி போட்டுப் பார்ப்பார். "அடடா, இந்த இடத்துல குரலை இன்னும் கொஞ்சம் தூக்கலாம்" என்று தனக்குத்தானே திருத்தம் வேறு. எல்லாம் என்றைக்காவது நேரில் பேசுவதற்கு ஒத்திகை. அந்த 'என்றைக்காவது' மட்டும் இன்னும் வந்தபாடில்லை.

வீடியோக்களை 'பழைய மின்கட்டணம்' என்று பேர் போட்ட ஃபோல்டரில் பத்திரமாக வைத்திருந்தார். அந்தப் பேரைப் பார்த்து ஆசையாகத் திறக்கிற ஜீவன் உலகத்தில் உண்டா, சொல்லுங்கள்!

ஞாயிற்றுக்கிழமை காலை. நம்மாள் பேப்பருக்குள் தலையை விட்டிருந்தார்.

"என்னங்க, லேப்டாப்ல சார்ஜே ஏற மாட்டேங்குது. அப்படியே செத்துக் கிடக்கு. எட்டாம் வகுப்புக் கேள்வித்தாள் எல்லாம் இதுக்குள்ளதான் இருக்கு."

"கடையில கொடு."

"அதான் ரிப்பேர்க் கடைக்காரருக்குப் போன் போட்டிருக்கேன். இந்தாங்க, லைன்ல இருக்காரு." ஸ்பீக்கரை அழுத்தினாள்.

"கவலையே படாதீங்க மேடம்," என்றது போன். "லேப்டாப்பு உயிரோட வராட்டியும் உள்ள இருக்கற டிஸ்க்கைக் கழட்டி எல்லாத்தையும் எடுத்துடலாம். ஃபோட்டோ, வீடியோ, ஏன், அழிச்சதுகூட வரும். ஒவ்வொண்ணா ஓட்டிக் காமிச்சுட்டுத்தான் கொடுப்பேன்."

பேப்பர் கீழே விழுந்தது.

"வேண்டாம்! கேள்வித்தாள் லீக் ஆயிடும்!"

"கடைக்காரருக்கு ஐம்பது வயசுங்க. எட்டாங்கிளாஸ் பரீட்சை எழுதவா போறாரு?"

"யார் கண்டா? நானே சரி பண்றேன். புருஷன்னு ஒருத்தன் இந்த வீட்டுல எதுக்கு இருக்கேன்?"

"அதைத்தாங்க நானும் ரொம்ப நாளா யோசிக்கறேன்" என்று சொல்லிவிட்டு, அவள் போனில் சாயங்காலம் வரை தவணை வாங்கினாள். அதற்குள் சரியாகாவிட்டால் லேப்டாப் கடைக்குப் போகும். கடைக்காரர் நடுக்கடையில் வைத்து வீடியோக்களை ஓட்டுவார். பக்கத்தில் இவள் நின்று பார்ப்பாள்.

நம்மாள் உடனே வேலையில் இறங்கினார். வீட்டிலிருந்த ஒரு ப்ளக் பாயிண்ட்டையும் விடவில்லை. சார்ஜர் முனையை ஊதினார், துடைத்தார், திருப்பிச் செருகினார். லேப்டாப்பின் முதுகில் குழந்தைக்குத் தட்டுவதுபோல் தட்டிக்கொடுத்தார். அது அசைந்து கொடுக்கவில்லை.

"சார்ஜர்தான் போயிருக்கும்னு தோணுது," என்றாள் அவள், வெகு அக்கறையாக. "பழைய லேப்டாப்போட சார்ஜர் ஒண்ணு நம்மகிட்ட இருந்துச்சே, இதே கம்பெனி, இதே முனை. பரண்லதான் போட்டோம்னு நினைக்கிறேன். ஆனா அந்தக் குப்பைக்குள்ள எங்கே போய்த் தேடுவீங்க? பாவம், விடுங்க. கடைக்காரரையே வரச் சொல்லிடறேன்."

"போனை வை! ஏணி எங்கே?"

மாதிரிக்கு இருக்கட்டும் என்று சார்ஜரைக் கழுத்தில் மாலையாகப் போட்டுக்கொண்டு பரணில் ஏறினார். ஏறியதும் ஒரு தும்மல். சக்கரம் இல்லாத சூட்கேஸ் இறங்கியது. இறக்கை இல்லாத ஃபேன் இறங்கியது. தொப்பை குறைக்க அவர் வாங்கின பெல்ட் இறங்கியது. தொப்பை மட்டும் மேலேயே நின்றது.

"கிடைச்சுதாங்க?"

"இல்லடீ."

"அந்த மூலையில பாருங்க. தூசியைக் கூட்டித் தள்ளிட்டுப் பார்த்தாத்தானே தெரியும்? இந்தாங்க துடைப்பம்."

கூட்டினார்.

"ஈரத்துணியும் தரேன். ஒரு தடவை துடைச்சுட்டா சின்ன வயர்கூடப் பளிச்சுனு தெரியும்."

துடைத்தார்.

"இறக்கினதை எல்லாம் அட்டைப்பெட்டியில வகை வகையாப் பிரிச்சு வச்சுடுங்க. இல்லேன்னா பார்த்ததையே திரும்பப் பார்ப்பீங்க."

இதுவும் நியாயமாகவே பட்டது. பிரித்தார், அடுக்கினார், பெட்டிக்குப் பெட்டி பேர் எழுதி ஒட்டினார். பரண் பளபளத்தது. சார்ஜர் மட்டும் அகப்படவில்லை. தலை நிறைய ஒட்டடையோடு நம்மாள் இறங்கி வந்து, அழாத குறையாக நின்றார்.

"கிடைக்கலையே! இன்னும் ஒரே ஒரு நாள் டைம் கேளேன்."

அவள் அண்ணாந்து பரணை ஒருமுறை பார்த்தாள். திருப்தி. பரீட்சைத் தாளில் நூற்றுக்கு நூறு போடுகிற அதே முகம். கைப்பையைத் திறந்து ஒரு சார்ஜரை எடுத்துச் செருகினாள். லேப்டாப்பின் ஓரத்தில் சின்ன விளக்கு கண் சிமிட்டியது.

"இது... இது ஏதுடீ?"

"இதுதாங்க நம்ம சார்ஜர்."

"அப்போ பழைய சார்ஜர்?"

"அது செத்து ரொம்ப நாளாச்சு. காலையிலேர்ந்து உங்க கழுத்துலதான் தொங்குது."

நம்மாள் கழுத்தைத் தொட்டுப் பார்த்துக்கொண்டார். கேள்வித்தாள் ஞாபகம் வந்தது.

"கேள்வித்தாள் அவசரம்னு சொன்னியே!"

"உள்ள இருக்குன்னுதானே சொன்னேன்? அதை வெள்ளிக்கிழமையே கொடுத்துட்டேன். அப்புறம், போன வாரம் கரண்ட் ஆபீஸ்ல பழைய ரசீது ஒண்ணு கேட்டாங்க. லேப்டாப்லதானே இருக்கும்னு தேடினேன்."

நம்மாள் பக்கத்திலிருந்த சூட்கேஸ்மேல் உட்கார்ந்துவிட்டார். அவள் நிதானமாக 'பழைய மின்கட்டணம்' ஃபோல்டரைத் திறந்து ஒன்றைத் தட்டினாள். திரையில் நம்மாள் நெஞ்சை நிமிர்த்தி, விரலை ஆட்டி முழங்கினார்:

"என்னது? பரணைச் சுத்தம் பண்ணணுமா? நானா? இந்த ஜென்மத்துல நடக்காது!"

வீடியோவை நிறுத்திவிட்டு, அவர் தலையில் இருந்த ஒட்டடையை அவள் பரிவாகத் தட்டிவிட்டாள்.

"நல்லாத்தான் பேசறீங்க. அடுத்த சனிக்கிழமை பாத்ரூமைப் பத்திப் பேசுங்களேன்."