வீடு தேடி வந்த மன்னிப்பு

கண்டியில் சாப்பாட்டுக்கடை நடத்துகிறவர்களுக்கு மரியாதை என்றால் என்னவென்று படிப்பித்தே தீர்வது என்று நான் சபதம் எடுத்தபோது, என் மடியில் ஒரு கரண்டி சாம்பார் இருந்தது. சுடச்சுட இருந்தது. சபதம் அதைவிடச் சூடாக இருந்தது.

என்னைத் தெரியாவிட்டால் மஹய்யாவையில் யாரையாவது கேளுங்கள். கிருஷ்ணராஜ் என்றால் யோசிப்பார்கள். பெட்டிசம் கிருஷ்ணராஜ் என்றால் கதவைச் சாத்துவார்கள். கந்தோரில் நான் கிளாக்கர். அது சம்பளத்துக்கு. பெட்டிசம் எழுதி முறைப்பாடு செய்வது ஆத்ம திருப்திக்கு. பாண் எடை குறைந்தாலும் விடமாட்டேன், காஸ் சிலிண்டர் பிந்தி வந்தாலும் விடமாட்டேன். அதிலும் எனக்கொரு கொள்கை உண்டு. கடையில் வைத்துக் கேட்கிற மன்னிப்பு எனக்கு வேண்டாம். தப்பு செய்தவன் என் வீடு தேடி வரவேண்டும். நாலு பேர் பார்க்கக் கேட்கவேண்டும். பேக்கரிக்காரர் அப்படித்தான் ஒரு பட்டர் கேக்கோடு வந்தார். காஸ்காரர் ஒரு சீப்பு வாழைப்பழத்தோடு வந்தார். என் மனைவி அன்னலட்சுமி இரண்டு பேருக்கும் தேநீர் கொடுத்து, ஒரு வார்த்தை பேசாமல் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் பேசாமல் நிற்கும்போதுதான் நான் பயப்பட்டிருக்க வேண்டும்.

எங்களுக்கு ஒரே மகள், தர்ஷனா. போன வருஷம் தரகர் ஒருவர் ஒரு ஜாதகத்தைக் கொண்டுவந்தார். பையன் வீட்டில் என்ன தொழில் என்று கேட்டேன். சைவச் சாப்பாட்டுக்கடை என்றார். உறையைப் பிரிக்காமலே திருப்பிக் கொடுத்தேன்.

"என்னாங்க, யாரு எவருன்னாவது பாக்கலாமில்ல?" என்றாள் அன்னம்.

"பாத்து? என் மக போய் மாவாட்டவா? கவர்மெண்ட் உத்தியோகம் இல்லாதவன் இந்தப் படியில கால் வைக்கக் கூடாது."

"அவங்களா வந்து கால் வச்சா?"

"நான் கூப்பிடாம எவன் வருவான்?"

"சரிங்க," என்றாள். அத்தோடு அந்தப் பேச்சு முடிந்தது. முடிந்தது என்றுதான் நானும் நினைத்தேன்.

அடுத்த மாதம் திடீரென்று அவளுக்குத் தீம் பார்க் ஆசை வந்தது.

"கொழும்புப் பக்கம் ஒண்ணு இருக்காம். நாம எங்கதாங்க போயிருக்கோம்?"

"உனக்கு வயசு ஐம்பத்தொண்ணு."

"அதனால என்ன? வாசல்ல ஐடென்டிட்டி கார்டா கேப்பாங்க?"

தர்ஷனாவையும் கூட்டிக்கொண்டு பக்கத்து வீட்டு முஹைதீன் நானாவின் வேனில் போனோம். அங்கே இரண்டு நாள் இருந்தோம். தீம் பார்க் என்றால் என்னவென்று தெரியாதவர்களுக்குச் சொல்கிறேன். வீட்டில் இனாமாகக் கிடைக்கிற தலைச்சுற்றலை வரிசையில் நின்று காசு கொடுத்து வாங்கும் இடம் அது. மனிதனைத் தலைகீழாகத் தொங்கவிட்டு, அவன் அலறுவதைப் போட்டோ எடுத்து, அந்தப் போட்டோவையும் அவனுக்கே விற்கிறார்கள். கடைசி நாள் மத்தியானம், நான் வயிறு நிறையச் சாப்பிட்டு முடித்த கையோடு, அன்னம் என்னை ஆடுகிற கப்பல் ஒன்றில் ஏற்றிவிட்டாள். அவள் ஏறவில்லை. கீழே நின்று கையசைத்தாள். கப்பல் நின்றபோது நான் சாப்பிட்டது எதுவும் என் வயிற்றில் இல்லை.

ஆகவே கண்டிக்குத் திரும்பி வரும்போது நான் கொலைப்பசியில் இருந்தேன். வேன் மஹய்யாவைக்கு வந்தது. எங்கள் சந்தியைத் தாண்டியது. நிற்காமல் போனது.

"நானா! வீடு தாண்டிருச்சு!"

"கத்த வாணாம் கிளாக்கர்," என்றார் முஹைதீன் நானா. "தங்கச்சிதான் கட்டுகஸ்தோட்டைக்கு உடச் சொல்லீக்குது. அங்க சாப்பாட்டுக்கடை ஒண்டு ஈக்காம்."

"ரெண்டு நாள் அலைஞ்சு வந்தவளை உடனே அடுப்படிக்கு அனுப்புவீங்களா?" என்றாள் அன்னம்.

நியாயமான கேள்வி. அவள் நியாயமாகப் பேசினால் நான் மறுத்துப் பேசுவதில்லை. நியாயமில்லாமல் பேசினாலும் பேசுவதில்லை.

அந்தக் கடையின் பெயரை நான் இங்கே எழுதப் போவதில்லை. ஏன் என்பது உங்களுக்கே விளங்கும். பரிமாற வந்தவன் இருபத்தேழு இருபத்தெட்டு வயதுப் பையன். வெள்ளைச் சட்டை, நெற்றியில் திருநீறு, முகமெல்லாம் வியர்வை. நான் மசாலா தோசைக்குச் சொன்னேன். தோசை வந்தது. தர்ஷனாவின் முன்னால் வைத்தான். அது என்னுடையது என்றேன். "இப்ப வந்துரும் சேர்" என்று ஓடினான். இன்னொரு தோசை வந்தது. அதையும் தர்ஷனாவின் முன்னால் வைத்தான். நான் தண்ணீர் கேட்டேன். தண்ணீர் தர்ஷனாவுக்கு வந்தது. நான் வடை கேட்டேன். தர்ஷனாவிடம் போய் இன்னொரு தோசையை வைத்து, "சட்னி போதுமா?" என்றான்.

"இவனுக்குக் கண்ணு தெரியாதா?" என்றேன்.

"கடை இன்னைக்கு பிசிங்க," என்றாள் அன்னம்.

"என்ன பிசி? நாம ஒரு மேசைதானே இருக்கோம்!"

"அப்ப அந்த ஒரு மேசையாலதான் பிசி."

தர்ஷனா தலையை நிமிர்த்தாமல் மூன்றாவது தோசையைச் சாப்பிட்டுக்கொண்டிருந்தாள். பெற்ற அப்பன் பட்டினி கிடக்க மூன்று தோசை. இந்தக் காலத்துப் பிள்ளைகளின் பாசத்தைப் பற்றி நான் ஏதோ சொல்ல வாயெடுத்தபோதுதான், சாம்பார் வாளியோடு வந்த அந்தப் பையன், அவளையே பார்த்தபடி கரண்டியை என் மடியில் கவிழ்த்தான்.

நான் எழுந்தேன். கதிரை விழுந்தது. கடை அதிர்ந்தது. கல்லாவில் இருந்த முதலாளி பதறிக்கொண்டு ஓடிவந்தார். பெரிய மீசை, கழுத்தில் துண்டு. பெயர் மூக்கையா என்றார்.

"மன்னிச்சுக்கங்க ஐயா. பையன் வேணும்னு செய்யல."

"இங்க கேக்குற மன்னிப்பு எனக்கு வேணாம்! நான் யாருன்னு தெரியுமா?"

"தெரியுங்க," என்றார் மூக்கையா.

என் புகழ் கட்டுகஸ்தோட்டை வரைக்கும் பரவியிருக்கிறது என்று எனக்கு ஒரே பெருமை. குரலை இன்னும் உயர்த்தினேன். "என் வீட்டுக்கு வரணும்! நீங்களும் வரணும், இந்தப் பையனும் வரணும். குடும்பத்தோட வந்து, நாலு பேருக்கு முன்னால கேக்கணும்!"

மூக்கையா என்னைப் பார்க்கவில்லை. அன்னத்தைப் பார்த்தார்.

"அதான் கூப்பிட்டுட்டாரே, வாங்க," என்றாள் அன்னம். "ஞாயித்துக்கிழமை காலைல வாங்க. சாயந்திரம் ராகு காலம்."

வேனில் ஏறியதும் கேட்டேன். "மன்னிப்புக் கேக்க எதுக்கு நல்ல நேரம்?"

"கெட்ட நேரத்துல கேட்ட மன்னிப்பு நிக்காதுங்க."

அதுவும் எனக்கு நியாயமாகத்தான் பட்டது.

ஞாயிறு வரை நான் நானாக இல்லை. தெருவில் ஒரு வீடு விடாமல் போய்ச் சொன்னேன். ஒரு முதலாளி குடும்பமே வந்து என்னிடம் மன்னிப்புக் கேட்கப்போகிறது, எல்லோரும் வந்து பாருங்கள் என்று நானே அழைத்தேன். முஹைதீன் நானாவும் அவர் மனைவி றலியாவும் முதல் ஆட்களாக வந்து முன் கதிரைகளில் உட்கார்ந்துகொண்டார்கள். அன்னம் பட்டுச்சேலை கட்டியிருந்தாள். தர்ஷனாவும் சேலையில் இருந்தாள், தலையில் பூவோடு.

"இவ எதுக்குச் சேலை கட்டியிருக்கா?"

"கோயிலுக்குப் போகணுமாம்," என்றாள் அன்னம். "நீங்க அந்தப் பட்டுவேட்டியை எடுத்துக் கட்டுங்க. மன்னிக்கிறவரு சாரத்தோட நின்னா நல்லாவா இருக்கும்?"

கட்டினேன். கண்ணாடியில் பார்த்தேன். மன்னிப்பதற்கென்றே பிறந்தவன் மாதிரி இருந்தேன்.

வந்தார்கள். மூக்கையா, அவர் மனைவி, அந்தப் பையன், கூடவே வயதான பெண்கள் மூன்று பேர், ஆண்கள் நாலைந்து பேர். ஒரு கரண்டி சாம்பாருக்கு இத்தனை பேரா என்று தெருவே வாயைப் பிளந்தது. என் வாய்க்கு இருக்கும் வலு அப்படி என்று நான் மீசையைத் தடவிக்கொண்டேன். மூக்கையாவின் மனைவி கையில் ஒரு பெரிய தாம்பாளம், பட்டுத்துணியால் மூடியிருந்தது. சாம்பார் பட்ட என் வேட்டிக்குப் பதிலாக ஒரு புது வேட்டி வைத்திருப்பார்கள், இரண்டாகவும் இருக்கலாம் என்று கணக்குப் போட்டேன்.

முதலில் உபதேசம் செய்தேன். வாடிக்கையாளர் என்பவர் யார், அவர் கேட்டது எது, கொடுக்கவேண்டியது எது என்று விலாவாரியாக விளக்கினேன். பையன் கைகட்டிக் கேட்டான். மூக்கையா தலையாட்டிக்கொண்டே இருந்தார். இவ்வளவு பணிவான ஆட்களை என் பெட்டிச வாழ்க்கையில் நான் கண்டதே இல்லை.

"பையன் செஞ்சது தப்புத்தாங்க," என்றார் மூக்கையா. "மனசுல ஒண்ணும் வச்சுக்காம நீங்க உங்க கையால இதை வாங்கிக்கணும்."

தாம்பாளத்தை நீட்டினார். நான் ஒரு கையை நீட்டினேன்.

"ரெண்டு கையாலயும் வாங்குங்க," என்று காதோரம் சொன்னாள் அன்னம். "அதுதான் பெருந்தன்மை."

இரண்டு கையாலும் வாங்கினேன். வாங்கிய வேகத்தில் அதை அன்னம் என்னிடமிருந்து எடுத்துக்கொண்டு இன்னொரு தாம்பாளத்தை என் கையில் வைத்தாள். அதுவும் மூடித்தான் இருந்தது.

"இது என்ன?"

"வந்தவங்களை வெறுங்கையோட அனுப்புவீங்களா? உங்க பேருக்கு அழகா அது?"

என் பேருக்கு அழகில்லைதான். நிமிர்ந்து நின்று, எல்லோரும் பார்க்க, மூக்கையாவின் கையில் அதைக் கொடுத்தேன்.

வயதான பெண்கள் மூன்று பேரும் குலவை போட்டார்கள். நான் திடுக்கிட்டுப் போனேன். மன்னிப்புக்குக் குலவை போடுவதை என் வாழ்நாளில் கேட்டதில்லை.

அன்னம் துணியை விலக்கினாள். வெற்றிலை, பாக்கு, தேங்காய், மஞ்சள், குங்குமம், பூ. அதன் மேல் அரக்கு நிறத்தில் ஒரு பட்டுச்சேலை. வேட்டி இல்லை.

"முபாரக் கிளாக்கர்!" என்று என்னைக் கட்டிப்பிடித்தார் முஹைதீன் நானா. "மன்னிப்புண்டு செல்லிக் கூப்புட்டு, நிச்சயதார்த்தத்தயே முடிச்சிட்டீங்களே!"

எங்கள் சனத்தில் தட்டு மாற்றினால் மாற்றியதுதான். பெண்ணின் அப்பன் தன் கையால் வாங்கி, தன் கையால் கொடுத்துவிட்டால் அப்புறம் ஒரு வார்த்தை மாறிப் பேச முடியாது. பேசினால் மாப்பிள்ளை வீட்டைவிடப் பெண்ணுக்குத்தான் கெட்ட பெயர். அதையும் நான் தெருவையே கூட்டி வைத்துச் செய்திருக்கிறேன். அன்னத்தை உள்ளே இழுத்துக்கொண்டு போனேன்.

"இந்தக் கடைக்காரங்கதானா அந்த ஜாதகம்?"

"ஆமாங்க. பையன் பேரு சுமன். நீங்கதான் உறையைப் பிரிக்கலையே."

"என் வாசப்படியில இவங்க கால் வைக்கக் கூடாதுன்னு சொன்னேன்ல?"

"நான் கூப்பிடாம எவன் வருவான்னும் சொன்னீங்க. கூப்பிட்டது நீங்கதானுங்க. கட்டுகஸ்தோட்டைக்கே கேக்குற மாதிரிக் கூப்பிட்டீங்க."

"அந்தக் கப்பல்ல என்னை ஏத்தினது?"

"பசி இல்லன்னா உங்களுக்குக் கோபம் வர நேரமாகும்."

நான் கதவைப் பிடித்துக்கொண்டேன். அவள் குரலைத் தாழ்த்தினாள்.

"ஜாதகத்தைத் திருப்பிக் கொடுத்த நாள்ல இருந்து புள்ள ஒழுங்காச் சாப்பிடல. அவனைக் கம்பியூட்டர் கிளாஸ்ல இருந்தே அவளுக்குத் தெரியும். நீங்க தோசை வரலன்னு பாத்தீங்க. அவ மூணு தோசை சாப்பிட்டதை நான் பாத்தேன்."

எட்டிப் பார்த்தேன். முன்னறையில் தர்ஷனா றலியாவின் தோளில் சாய்ந்து சிரித்துக்கொண்டிருந்தாள். அந்தச் சிரிப்பைப் பார்த்து எவ்வளவோ நாளாகிவிட்டது என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. சாம்பார்க் கோபத்தைத் தேடிப் பார்த்தேன், அது இருந்த இடம் தெரியவில்லை.

கல்யாணம் தையில் நடந்தது. மாப்பிள்ளை இப்போதும் என் மகளுக்குத்தான் முதலில் பரிமாறுகிறான். பெட்டிசம் எழுதலாம் என்றால் யாருக்கு எழுதுவது? அந்தக் கவலையையும் அன்னமே தீர்த்துவைத்தாள். மூக்கையாவிடம் பேசி, ஞாயிற்றுக்கிழமைகளில் அந்தக் கடையில் கல்லாவுக்குப் பக்கத்தில் எனக்கென்று ஒரு கதிரை போட வைத்திருக்கிறாள்.

வாடிக்கையாளர்களின் முறைப்பாடுகளை நான்தான் கேட்கவேண்டும். மன்னிப்புக் கேட்க அவர்கள் வீட்டுக்கும் நான்தான் போகவேண்டும்.