இருமுறை ஊதினால் சோறு

இறைவன் அளித்த வாயை உண்பதற்கும் ஊதுவதற்கும் மட்டுமே பயன்படுத்திய மனிதர் இவ்வுலகில் ஒருவர்தாம். எண்பதுகளில், இராசபாளையத்தில் நான் தமிழாசிரியனாய் இருந்தபோது, அவர் எனக்கு அண்டை வீட்டார். விசில் மேஸ்திரி என்பார்கள். ‘ஊதல் மேஸ்திரி’ எனத் தூய தமிழில் அழைத்துப் பார்த்தேன். அவரே திரும்பிப் பார்க்கவில்லை.

நூற்பாலை இரைச்சலில் மனிதக் குரல் எடுபடாது. ஆகவே மேஸ்திரிமார் விசிலடித்தே தொழிலாளரை அழைப்பர். நம்மவர் அவ்வழக்கத்தை வீட்டுக்கும் கொணர்ந்தார். ஒருமுறை ஊதினால் காப்பி. இருமுறை ஊதினால் சோறு. நீட்டி ஊதினால் முதுகு தேய்க்க வேண்டும். அவர் மனைவி செண்பகம் மட்டுமன்று, தெருவே இதற்குப் பழகிவிட்டது. அவர் ஒருமுறை ஊதினால் என் வீட்டிலும் காப்பி வந்துவிடும்.

ஒரு ஞாயிறு நண்பகல், திருவில்லிபுத்தூர் திரும்பும் தம் தாயாரை வழியனுப்பச் செண்பகம் தெருமுனைக்குச் சென்றார். பையை வைக்கப் பேருந்துக்குள் ஏறினார். அந்நேரம் பார்த்து மேஸ்திரிக்குப் பசித்தது. இருமுறை ஊதினார். நடத்துநரே ஊதினார் எனக் கருதிய ஓட்டுநர் வண்டியைக் கிளப்ப, வெற்றிலை வாங்கிக்கொண்டிருந்த நடத்துநர் கத்தியபடி ஓடி ஏறினார்.

“ஏந்தாயி, நீங்க எறங்கலியா?” என்று கேட்டாராம்.

“அவுகளே போகச் சொல்லி ஊதிட்டாக. போறேன்.”

சில நாளில் தாய்வீட்டிலிருந்து செண்பகம் சொல்லியனுப்பினார்: “வாயத் தொறந்து பேசுனாத்தான் வருவேன். விசில் சத்தம் கேட்டா கதவடைச்சிருவேன்.”

மேஸ்திரி என்னிடம் ஓடிவந்து, வாழ்க்கையில் முதன்முறையாக ஒரு முழு வாக்கியம் பேசினார்: “வாத்தியாரய்யா, ஏதாச்சும் பேசச் சொல்லிக் குடுங்க.”

முயன்று கற்பித்தேன். உருப்போட்டார். பிறகு என்னையும் துணைக்கு இழுத்துக்கொண்டு, திருவில்லிபுத்தூருக்கே பால்கோவா வாங்கிக்கொண்டு புறப்பட்டார்.

செண்பகம் வாசலில் நின்றார். மேஸ்திரி கண்களை இறுக மூடிக்கொண்டார்.

“என் இல்லத்தின் ஒளிவிளக்கே, பிரிவென்னும் பெருந்துயரில்...”

“இது வாத்தியாரய்யா பேச்சு. அவுகளோட நான் குடும்பம் நடத்தல.”

நான் பால்கோவாப் பொட்டலத்தின் நூலை ஆராயலானேன்.

மேஸ்திரியின் கை சட்டைப்பையிலிருந்த விசிலுக்குப் போயிற்று. அதை எடுக்காமலே திரும்பிற்று.

“அம்மியில அரைக்க உக்காந்து எந்திரிக்கையில எடது முட்டு வலிக்குன்னு பொங்கல் சமயத்துல சொன்னியே. இப்பம் எப்படியிருக்கு?”

செண்பகம் திகைத்தார். “அது காதுல விழுந்துச்சா?”

“நீ சொன்னது அம்புட்டும் விழுந்துச்சு. பதில் சொல்லணும்னுதான் தோணல.”

“இப்பமும் வலிக்கத்தான் செய்யுது.”

“பொறவு எதுக்கு நிக்க? செத்த உக்காருட்டி.”

நான் கற்பித்த செந்தமிழில் முழங்கால் இடம்பெறவே இல்லை.

மாலை வண்டியில் மூவரும் திரும்பினோம். வழிநெடுக மேஸ்திரி பேசினார். ஆண்டுக்கணக்கில் தேங்கிய பதில்களை ஒவ்வொன்றாய்ச் சொல்லி முடிப்பதற்குள் ஊர் வந்துவிட்டது. விசிலைச் செண்பகம் தம் முந்தானையில் முடிந்துகொண்டார். அன்றுமுதல் அவரே ஊதினார். மேஸ்திரி தெருவின் எக்கோடியில் இருந்தாலும் வாயால் விடையிறுத்தார்.

இன்றும் பேருந்தில் இருமுறை விசிலொலி எழுகையில் எல்லார்க்கும் வண்டி நகர்கிறது. எனக்கு மட்டும் மேஸ்திரியின் கரகரத்த குரல் கேட்கிறது: “இந்தா வாரேன், தாயி.”