மருதாத்தாள் காட்டிய வேகம்

வயலின் நடுவில் டிராக்டர் மறுபடியும் நின்றுபோயிற்று. ஒரு முக்கல், ஒரு முனகல், குழாயிலிருந்து குபுகுபுவென்று கரும்புகை, அதோடு சரி. பொங்கியண்ணன் இறங்கிப் போய் அதன் மூக்கைத் தடவிக் கொடுத்தார்.

தடவிக் கொடுத்தால் கிளம்புவதற்கு அது காளையா என்ன? ஆனால் பொங்கியண்ணனைக் குறை சொல்லி என்ன செய்ய. பிறந்ததிலிருந்து மாட்டு வாலைப் பிடித்து வளர்ந்த மனிதர். வேலந்தாவளத்துக்குத் தெற்கே அந்தச் சின்ன ஊரில் டிராக்டர் என்று ஒன்று வந்து இறங்கியதே போன வாரம்தான். ஆள் உயரம்கூட இல்லாத குட்டி வண்டி. 'உழவு மாட்டை எடுத்த எடுப்பில் விரட்டக்கூடாது, உடம்பு சூடாகிற வரைக்கும் மெல்ல நடத்த வேண்டும்' என்பது அவர் ரத்தத்தில் ஊறிய பாடம். அதையே வண்டிக்கும் வைத்துக்கொண்டார். வேகம் கூட்டும் கைப்பிடியை அடிமட்டத்தில் வைத்து, கியரை மட்டும் எட்டி நடக்கிற பெரிய கியராகப் போட்டு ஓட்டினார். கலப்பை மண்ணைக் கவ்வியதும் வண்டிக்கு மூச்சு முட்டியது.

இன்றைக்கென்று பார்த்து இது நடந்திருக்க வேண்டாம். பொழுது சாய வாய்க்காலில் அவருடைய தண்ணீர் முறை. அதற்குள் உழுது முடித்தால்தான் வயல் நனையும். நாற்றங்காலில் நாற்று ஏற்கெனவே பழுக்கத் தொடங்கிவிட்டது. இந்த முறை தவறினால் அதைப் பிடுங்கி மாட்டுக்குப் போட வேண்டியதுதான்.

போடலாம் என்றால் மாடு எங்கே இருக்கிறது? டிராக்டருக்காக அதைத்தான் விற்றாயிற்று. அதுவும் எந்த மாடு? மனைவி மருதாத்தாளின் தாய்வீட்டிலிருந்து கன்றாக வந்து, அவள் கையால் தவிடும் புண்ணாக்கும் தின்று வளர்ந்த காளை ஜோடி. வாணியங்குளம் சந்தையில் அவர் விற்றுவிட்டுத் திரும்பிய மறுநாள், அவளுடைய அண்ணன் சென்னியப்பன் தரகரைத் தேடிப் பிடித்து அதே காளைகளை வாங்கி வந்து தன் தொழுவத்தில் கட்டிக்கொண்டார். கட்டியதோடு விட்டாரா? டீக்கடையில் நாலு பேர் காதுபட ஒரு வார்த்தையும் சொல்லி வைத்தார்.

"மச்சான் எப்ப வந்து கேட்டாலும் ஏரு பூட்டிக் குடுக்கறனுங்க. ஆனா, வந்து கேக்கோணும்."

அந்த வாசலில் போய் நிற்பதைவிட நாற்று பழுத்தாலும் பரவாயில்லை என்று பொங்கியண்ணன் இருந்தார். நாற்று பழுத்தால் வருஷம் முழுக்கச் சோற்றுக்கு என்ன செய்வது என்பதும் அவருக்குத் தெரியாமல் இல்லை.

மருதாத்தாளோ காளைகள் போன நாளிலிருந்து அவரோடு பேசுவதில்லை. சொல்ல வேண்டியதைச் சுவரிடம் சொல்வாள். வட்டில் வைக்கிற சத்தத்திலேயே அன்றைய கோபத்தின் அளவு தெரிந்துவிடும்.

முதல் யோசனை சொல்ல வந்தவன் சுவக்கீன். கஞ்சிக்கோட்டில் ஒரு இரும்புத் தொழிற்சாலைக்கு லாரி ஓட்டுகிறவன். ரோட்டோரம் லாரியை நிறுத்தி, வரப்பில் நின்று வேடிக்கை பார்த்துவிட்டுச் சிரித்தான். இஞ்சினுக்கு இரக்கம் காட்டக்கூடாது, வாளையார் ஏற்றத்தில் நாங்கள் மிதிக்கிற மாதிரி ஒரே மிதி மிதிக்க வேண்டும் என்றான். சொன்னதோடு நில்லாமல் தானே வந்து கைப்பிடியைக் கடைசி வரைக்கும் இழுத்துவிட்டான்.

வண்டி கிளம்பியது. கிளம்பியது என்றால் சாதாரணமாக அல்ல. கலப்பைக் கொழு மண்ணுக்குள் இறங்காமல் மேலோடு குதித்துக்கொண்டு வந்தது. உழவு விழுந்த இடத்தில் கோழி கிளறியதுபோல் ஒரு கீறல் மட்டும் இருந்தது. புழுதியில் பொங்கியண்ணனுக்குத் திசையே தெரியவில்லை. வரப்பு தெரிந்தபோது வண்டி வரப்புக்கு அந்தப் பக்கம் இருந்தது. அதன் மூக்கிலிருந்து ஆவி பறந்தது.

சுவக்கீன் மெதுவாகத் தலையைச் சொறிந்தான். "லாரீல இப்படி ஆகாதுங்கண்ணா" என்று சொல்லிவிட்டு, சரக்கு இறக்க நேரமாகிவிட்டது என்று போயே போய்விட்டான்.

வண்டி ஆறட்டும் என்று பொங்கியண்ணன் வரப்பில் உட்கார்ந்தார். உச்சி வெயில் இறங்கத் தொடங்கியிருந்தது. வயலில் கால்வாசிகூட ஆகவில்லை. வடக்கே ஆளுயர வாய்க்கால் கரை. அதில் பொழுது சாயத் தண்ணீர் வந்துவிடும். மச்சான் வீட்டு வாசலில் துண்டை இடுப்பில் கட்டிக்கொண்டு நிற்பதாகத் தன்னை நினைத்துப் பார்த்தார். சரி, போய்த்தான் ஆக வேண்டும் என்று துண்டை உதறி எழுந்தார்.

அப்போதுதான் தெற்கே வீட்டை ஒட்டிய களத்து மேட்டில் மருதாத்தாளைப் பார்த்தார். பக்கத்தில் ஆடு மேய்க்கும் மயிலாத்தாள். மருதாத்தாள் கையை உயர நீட்டி, உள்ளங்கையைக் கீழே கவிழ்த்து, ஆட்டிக்கொண்டிருந்தாள்.

பொங்கியண்ணனுக்குப் புல்லரித்துவிட்டது. குறை என்கிறாள். வேகத்தைக் குறை என்கிறாள்.

இதில் ஒரு விஷயம் சொல்லியாக வேண்டும். மருதாத்தாளின் காது அப்படிப்பட்ட காது. அடுப்படியில் சோளம் இடித்துக்கொண்டே, "மோட்டாரு தண்ணி இழுக்கலை, காத்து இழுக்குது" என்பாள். கிணற்றுமேட்டுக்கு ஓடிப் போய்ப் பார்த்தால் அப்படியே இருக்கும். இப்படி ஒரு காது இந்த ஜில்லாவில் இன்னொருத்திக்குக் கிடையாது என்று பொங்கியண்ணன் ஊர் முழுக்கச் சொல்லியிருக்கிறார். அவளிடம் மட்டும் சொன்னதில்லை. பேச்சை நிறுத்தியிருந்தாலும் மனசு கேட்காமல் வந்து நிற்கிறாளே, இவளையா அழவைத்தோம் என்று நினைத்துக்கொண்டார்.

ஓடிப் போய் வண்டியில் ஏறி வயலுக்குள் இறக்கினார். கைப்பிடியைக் குறைத்தார். வண்டி முனகியது. மேட்டைப் பார்த்தார். கை இன்னும் கீழ்நோக்கி ஆடிக்கொண்டிருந்தது, முன்னைவிட வேகமாக. இன்னும் குறைத்தார். வண்டி ஒருமுறை இருமிவிட்டு நின்றது.

அவருக்கு மருதாத்தாள்மேல் சந்தேகம் வரவில்லை. தன்மேல்தான் வந்தது. பாரம் கூடும்போது காளை என்ன செய்யும்? எட்டி நடக்காது. அடி சின்னதாகும், மூச்சு வேகமாகும். அடடா, கியரை விட்டுவிட்டோமே என்று சின்ன கியருக்கு மாற்றிக் கிளப்பினார். நிமிர்ந்து பார்த்தால் மருதாத்தாள் உள்ளங்கையை நேராக உயர்த்திக் காட்டிக்கொண்டிருந்தாள். ஏற்று என்கிறாள்! ஏற்றினார். கொழு மண்ணைக் கவ்வியது. கை இறங்கவில்லை. இன்னும் ஏற்றினார். கொழு மறுபடி குதித்தது. உடனே மேட்டில் கை கவிழ்ந்து ஆடியது. குறைத்தார், இந்தத் தடவை ஒரு மயிரிழை.

சத்தம் மாறியது. கட்டி மண் வரும்போது இஞ்சின் சற்றே தணிந்து, உடனே நிமிர்ந்து, பழையபடி பாடிக்கொண்டு போயிற்று. கரும்புகை இல்லை, குதியாட்டம் இல்லை. பின்னால் மண் கறுப்பாகப் புரண்டு விழுந்தது. கைப்பிடி முக்கால் இழுப்பில் நின்றிருந்தது. மேட்டில் கை உயர்ந்தபடியே அசையாமல் இருந்தது. அப்படியே வை என்று அவர் புரிந்துகொண்டார்.

அப்புறம் பார்க்க வேண்டுமே. வயலின் இந்தக் கோடியிலிருந்து அந்தக் கோடிக்கு வண்டி நூல் பிடித்ததுபோல் போய்ப் போய் வந்தது. ரோட்டில் போகிறவர்கள் சைக்கிளை நிறுத்திப் பார்த்தார்கள். பொங்கியண்ணன் யாரையும் பார்க்கவில்லை. ஒவ்வொரு திருப்பத்திலும் மேட்டைத்தான் பார்த்தார். வெயில் தாழும் நேரத்தில் மருதாத்தாள் புறங்கையால் இரண்டு வீசு வீசினாள். போ, போய்க்கொண்டே இரு என்று அவருக்குப் பட்டது. போனார். கடைசிச் சால் முடிந்து இஞ்சினை நிறுத்தியபோது வாய்க்காலில் தண்ணீர் சலசலத்து வந்துகொண்டிருந்தது.

மடையைத் திறந்துவிட்டு நேராகக் களத்து மேட்டுக்கு நடந்தார். புழுதியில் முகமே தெரியவில்லை, பல் மட்டும் தெரிந்தது. மருதாத்தாள் அவரை ஏற இறங்கப் பார்த்தாள்.

"கைகாலு கழுவீட்டு வாங்க. சோறு போடறேன்" என்றாள்.

சுவரிடம் அல்ல, அவரிடம். சொல்லிவிட்டு விறுவிறுவென்று வீட்டுக்குள் போய்விட்டாள். பொங்கியண்ணனுக்குக் கண் கலங்கிவிட்டது. அவளிடம் சொல்ல வாய் வராததையெல்லாம், ஆடுகளை ஓட்டிக்கொண்டிருந்த மயிலாத்தாளிடம் கொட்டித் தீர்த்தார். அத்தனை தூரத்திலிருந்து, அத்தனை இரைச்சலில், எது சரியான வேகம் என்று காதாலேயே கண்டுபிடித்துச் சொன்னாளே, இவளைப்போல ஒரு பொம்பளை உண்டா என்றார்.

"அவ கை காட்டலைன்னா, மயிலா, நான் இந்நேரம் மச்சான் ஊட்டு வாசல்ல நின்னிருப்பேன்."

மயிலாத்தாள் ஆட்டுக் கயிற்றை விட்டுவிட்டு அவரை ஆச்சரியமாகப் பார்த்தாள்.

"அக்கா உங்களுக்கு எங்கீங்க மாமா கை காட்டுச்சு? வாய்க்காக் கரைக்கு அக்கட்ட, அந்தக் காளைகளையே ஏரு பூட்டிக்கிட்டு மத்தியானத்துலருந்து சென்னியப்பண்ணன் நின்னாருங்க. அவருக்குத்தான் 'வா'ன்னு, 'இரு'ன்னு, மறுக்கா 'வா'ன்னு, 'இரு'ன்னு காட்டீட்டு, கடைசீல 'எங்கூட்டுக்காரரே ஓட்டிப்போட்டாரு, நீ போ'ன்னு அனுப்பி வெச்சுதுங்க."